துடிப்பின் நேரத்தை யார் சொல்வது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இதய எம்ஆர்ஐ பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்தப் பெரிய துறையில் ஒரே ஒரு சிறிய கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஓயாமல் அசையும் இதயத்தைப் படமெடுக்கும்போது, 'இதோ, இப்போது எடு' என்று இயந்திரத்துக்குச் சொல்வது யார்? மார்பில் ஒட்டிய மின்வாயா, விரலில் மாட்டிய கிளிப்பா, நெஞ்சின் மேல் வைத்த ஒலிக்கருவியா, அல்லது எதுவுமே வேண்டாமா? இவற்றில் எது சிறந்தது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எதை அளக்கப் போகிறோம் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் இன்றைய உரையின் சாரம். இப்படி நேரம் சொல்லும் சைகையை, அதாவது டிரிகரை, அளப்பவர்கள் துணைக்கருவி என்று எண்ணி ஒதுக்குகிறார்கள். அது அளவையின் ஒரு பகுதி என்பதைக் காட்ட முயல்கிறேன்.

ஏன் காத்திருக்க வேண்டும்?

காந்த ஒத்ததிர்வைக் கொண்டு படம் வரையலாம் என்று பால் லாட்டர்பர் 1973-இல் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை வேகப்படுத்தும் கணக்கைத் தந்தார். 2003-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனாலும் இந்தக் கருவி இயல்பிலேயே மெதுவானது. எக்ஸ்ரே போல ஒரே வீச்சில் படம் விழுவதில்லை. தரவு வரிவரியாகச் சேர்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வரிக்கு 3 மில்லிநொடி, ஒரு படத்துக்கு 144 வரிகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கு 432 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்பின் முழு நீளமே 800 மில்லிநொடிதான். படம் முடிவதற்குள் இதயம் சுருங்கி, இரத்தத்தைத் தள்ளி, மீண்டும் விரியத் தொடங்கியிருக்கும். கிடைப்பது மங்கலான கறை.

இதற்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து வழக்கில் இருக்கும் தீர்வு, வேலையைப் பல துடிப்புகளுக்குப் பங்கிடுவது. ஊஞ்சலில் ஆடும் குழந்தையை வரைய உட்கார்ந்த ஓவியர், ஊஞ்சல் ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கீற்றை மட்டும் வரைந்து, பல ஆட்டங்களில் படத்தை முடிப்பதைப் போன்றது இது. ஒரு துடிப்பில் ஒரு கட்டத்துக்கு 12 வரிகள், அதாவது 36 மில்லிநொடி. 12 துடிப்புகளில் 144 வரிகளும் நிரம்பிவிடும். நோயாளி சுமார் 10 நொடி மூச்சை அடக்கினால் போதும். 800 மில்லிநொடியில் 36 மில்லிநொடிக் கட்டங்கள் 22 அடங்கும். அவற்றை வரிசையாக ஓடவிட்டால் இதயம் திரையில் துடிக்கிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு துடிப்பும் எந்தக் கணத்தில் தொடங்கியது என்பது நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. அந்தக் கணத்தைக் குறிக்கும் சைகையைத்தான் டிரிகர் என்கிறோம். அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. சைகை வந்ததும் பதிவைத் தொடங்குவது ஒன்று. நிறுத்தாமல் பதிவு செய்துகொண்டே போய், சைகைகளின் நேரத்தைப் பார்த்துப் பிறகு வரிகளைப் பிரித்து அடுக்குவது மற்றொன்று. முதல் வழியில் இயந்திரம் உடனுக்குடன் முடிவெடுக்க வேண்டும். இரண்டாவதில் திரும்பிப் பார்த்துத் திருத்த அவகாசம் உண்டு. இந்த வேறுபாடு பின்னால் பலமுறை நமக்குத் தேவைப்படும்.

மூன்று அளவுகோல்கள்

எந்த டிரிகரையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். இதயத்தின் நிகழ்வுக்கும் சைகைக்கும் இடையே எவ்வளவு தாமதம்? அந்தத் தாமதம் துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு தள்ளாடுகிறது? எத்தனை துடிப்புகள் விட்டுப்போகின்றன, துடிப்பே இல்லாத இடத்தில் எத்தனை பொய்ச் சைகைகள் எழுகின்றன?

புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் தாமதத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். எப்போதும் ஒரே அளவாக இருக்கும் தாமதத்தைக் கணக்கில் கழித்துவிடலாம். தள்ளாட்டத்தைக் கழிக்க முடியாது. ஆரோக்கியமான இதயம் சுருங்கும்போது மைட்ரல் வால்வின் வளையம் நொடிக்கு 8 சென்டிமீட்டர் அளவு வேகத்தில் நுனியை நோக்கி இறங்குகிறது. சைகை 25 மில்லிநொடி தள்ளாடினால், அந்த இடைவெளியில் வளையம் 2 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். நம் படத்தின் ஒரு புள்ளியே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆக, ஒரு புள்ளிக்கு மேல் கலங்கிவிடுகிறது. அதே 25 மில்லிநொடித் தள்ளாட்டம், இதயம் ஏறத்தாழ அசையாமல் இருக்கும் நடு விரிவுக் காலத்தில் நிகழ்ந்தால் படத்தில் தடமே தெரியாது. ஆகவே 'இந்த முறையில் இவ்வளவு தள்ளாட்டம்' என்ற எண் தனியாகப் பொருள் தராது. துடிப்பின் எந்தக் கட்டத்தைப் படமெடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியும்.

காந்தத்துக்குள் ஈசிஜி

முதல் வேட்பாளர் ஈசிஜி. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இழை கால்வனோமீட்டரைக் கொண்டு இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதிவு செய்தார். பி, க்யூஆர்எஸ், டி என்று இன்றும் வழங்கும் அலைப் பெயர்களும் அவர் நிலைநிறுத்தியவைதான். 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பதிவில் உயர்ந்து கூராக நிற்கும் ஆர் அலைதான் நமக்கு வேண்டியது. காரணம் இரண்டு. கூரான முனை என்பதால் அதன் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கலாம். அது மின்நிகழ்வு என்பதால் தசை சுருங்குவதற்குச் சற்று முன்பே வருகிறது. இயந்திரம் தயாராக அவகாசம் கிடைக்கிறது. சைகை வந்ததும் பதிவைத் தொடங்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

சிக்கல், நோயாளியைக் காந்தக் குழலுக்குள் தள்ளியதும் தொடங்குகிறது. வெளியே இருந்தபோது ஆர் அலை ஓங்கி நின்றது. உள்ளே போனதும் டி அலை வீங்கி எழுகிறது. நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. அவருடைய இரத்தம் காந்தப்புலத்தில் ஓடத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இயற்பியல் பழையது. 1832 சனவரியில் மைக்கேல் பாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்தின் மேல் கம்பியை நீட்டி, அதன் முனைகளில் இணைத்த செப்புத் தகடுகளைத் தேம்ஸ் ஆற்றில் இறக்கினார். புவியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடும் உப்புக் கலந்த நீர் மின்னழுத்தத்தை உண்டாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நம்பத்தக்க அளவு அவருக்குக் கிடைக்கவில்லை. தத்துவம் மட்டும் சரியானது. 1936-இல் அலெக்சாண்டர் கோலின் இதே தத்துவத்தைக் கொண்டு இரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி செய்தார். 1964-இல் அமெரிக்காவில் பைஷர், நெப்டன் ஆகிய இருவர் அணில் குரங்குகளை வலிய காந்தப்புலத்தில் வைத்து ஈசிஜி எடுத்தபோது டி அலைப் பகுதி உயர்வதைக் கண்டு எழுதினார்கள். எம்ஆர்ஐ என்ற கருவியே அப்போது கிடையாது.

அளவு எவ்வளவு என்று பாருங்கள். பெருந்தமனியில் இரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 1 மீட்டர், தமனியின் விட்டம் 2.5 சென்டிமீட்டர், காந்தப்புலம் 1.5 டெஸ்லா. ஓட்டம் புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும் இடத்தில், மூன்றையும் பெருக்கினால் தமனியின் குறுக்கே 37.5 மில்லிவோல்ட். 3 டெஸ்லாவில் 75. 7 டெஸ்லாவில் 175. உடல் திசுக்களைக் கடந்து தோலுக்கு வந்து சேர்வது இதில் சிறு பங்குதான். ஆனால் தோலில் ஆர் அலையின் உயரமே 1 மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கிறது. சிறு பங்கு வந்தாலே போட்டி தொடங்கிவிடும். 7 டெஸ்லாவில் அந்தப் பங்கு ஆர் அலையையே மிஞ்சிவிடுவதுண்டு. இரத்தம் வெளியேற்றப்படும் நேரம் ஈசிஜியில் எஸ்டி பகுதியோடும் டி அலையோடும் ஒத்துப்போவதால், வீக்கம் சரியாக அங்கே வந்து விழுகிறது. கருவி ஏமாந்து அதையும் ஒரு துடிப்பாக எண்ணுகிறது. திரையில் 75 இருக்க வேண்டிய இடத்தில் 150 ஓடும். வரிகளில் பாதி தவறான கட்டத்துக்குப் போய்ச் சேரும்.

நாம் இரைச்சல் என்று ஒதுக்கும் இந்த மின்னழுத்தம் பொய்யானது அல்ல. இதயம் இரத்தத்தைத் தள்ளியதன் உண்மையான பதிவு அது. ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவை அதிலிருந்தே கணிக்க முயன்ற ஆய்வாளர்களும் உண்டு. நமக்கு வேண்டாத நேரத்தில் வருகிறது என்பதே அதன் குற்றம்.

இதோடு இன்னும் இரண்டு தொல்லைகள். படம் எடுக்கும்போது சாய்வுப்புலங்கள் வேகமாக மாறி மாறி இயங்குவதால் ஈசிஜி கம்பிகளில் கூர்முனைகள் பாய்கின்றன. பார்வைக்கு அவையும் ஆர் அலை போலவே இருக்கும். ரேடியோ அலைகள் கம்பியைச் சூடாக்குகின்றன. கம்பி வளையமாகச் சுருண்டு தோலைத் தொட்டுக் கிடந்தால் தீக்காயம் உண்டாகும். அதனால்தான் உலோகக் கம்பிக்குப் பதில் கார்பன் கம்பி, குழலின் அச்சுக்கு இணையாக நேராகப் போடுதல், தோலுக்கும் கம்பிக்கும் இடையே துணி. மின்வாய்களை மார்பின் இடப்புறம் நெருக்கமாக ஒட்டச் சொல்வது அந்தக் கூர்முனைகளைக் குறைப்பதற்காகத்தான். இடைவெளி விரிந்தால் கம்பிகள் அடைக்கும் பரப்பு பெருகும். தூண்டப்படும் இரைச்சலும் பெருகும். மார்பு முடியை மழித்து, தோலை நன்றாகத் துடைத்து ஒட்டுவதில் செலவாகும் ஐந்து நிமிடம், பிறகு மூச்சடக்கிய படங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் வீணாகும் நேரத்தைவிட மிகக் குறைவு. இது பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர்களுக்குத் தெரியும். முன்வரிசைக்காகச் சொல்கிறேன்.

திசையைப் பார்த்து அறிதல்

உயரத்தை வைத்து ஆர் அலையையும் வீங்கிய டி அலையையும் பிரிக்க முடியாவிட்டால் வேறு எதை வைத்துப் பிரிப்பது? 1999-இல் ஃபிஷர், விக்லைன், லோரன்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட முறை இதற்கு அழகான பதில் சொன்னது. இதயத்தின் மின்விசை எந்நேரமும் ஏதாவது ஒரு திசையை நோக்கி நிற்கிறது. அந்தத் திசையைப் பதிவு செய்வது வெக்டர் கார்டியோகிராம் என்ற பழைய கலை. எர்னஸ்ட் ஃபிராங்க் 1956-இல் அதற்கான மின்வாய் அமைப்பை வகுத்திருந்தார். கீழறைகள் தூண்டப்படும்போது அந்த விசை ஒரு திசையில் வளையமிடும். பெருந்தமனி வளைவில் இரத்தம் பாய்வதால் எழும் மின்னழுத்தம் பெரும்பாலும் வேறு திசையில் நீளும். உயரம் ஒன்றாக இருந்தாலும் திசை வேறு. நோயாளி காந்தத்துக்கு வெளியே இருக்கும்போதே அவருடைய ஆர் அலையின் திசையைக் கருவி படித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே போனபின் அந்தத் திசைக்கு அருகில் வருவதை மட்டும் துடிப்பு என்று ஏற்கிறது.

1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும் இன்று இதய ஸ்கேன் எடுக்கும் பெரும்பாலான இடங்களில் நாள்தோறும் உழைப்பது இந்த முறையோ இதன் வழிவந்த முறைகளோதான். அதற்கும் எல்லை உண்டு. நோயாளி புரண்டு படுத்தாலும், ஆழ மூச்சிழுத்து அடக்கினாலும் இதயத்தின் அச்சு சற்றே திரும்பும். இதயச் சவ்வில் நீர் கோத்தவருக்கும் நுரையீரல் ஊதிப் பெருத்தவருக்கும் ஆர் அலையே சிறுத்திருக்கும். 7 டெஸ்லாவில் ஓட்டத்தின் மின்னழுத்தம் எல்லாத் திசைகளிலும் கசிந்து, படித்து வைத்த திசையையும் மறைத்துவிடலாம்.

விரல்நுனி சொல்லும் நேரம்

ஈசிஜி ஒத்துழைக்காதபோது கை இயல்பாகப் போவது பல்ஸ் ஆக்ஸிமீட்டரிடம். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட தத்துவம் அது. விரலில் ஒளியைச் செலுத்தி, துடிப்போடு ஏறி இறங்கும் இரத்தத்தின் அளவைப் பார்க்கிறோம். ஒளி, காந்தத்துக்குக் கட்டுப்படாது. மழிக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், இரத்த ஓட்டத்தின் மின்னழுத்தம் அதைத் தொடாது.

விலை, தாமதம். இதயம் சுருங்கி, பெருந்தமனி வால்வு திறந்து, அழுத்த அலை தோள் வழியாகக் கைக்கு இறங்கி விரலை எட்டுவதற்குள் ஆர் அலை கடந்து 200 முதல் 300 மில்லிநொடி ஆகிவிடும். அலையின் உச்சியைப் பிடித்தால் இன்னும் கூடும். சைகை வந்ததும் பதிவைத் தொடங்கும் முறையில் இதன் பொருள், அந்தத் துடிப்பின் சுருக்கம் பாதிக்கு மேல் நடந்து முடிந்துவிட்டது என்பதுதான். தொடக்கக் கட்டத்தை அடுத்த துடிப்பில்தான் பிடிக்க வேண்டும்.

தாமதம் மட்டும் என்றால் கழித்துவிடலாம் என்றேன். விரலின் துயரம் தள்ளாட்டம். இரத்தக் குழாயின் இறுக்கம், மூச்சின் கட்டம், குளிரூட்டிய அறையில் சில்லிட்ட விரல் எல்லாம் அலை வந்து சேரும் நேரத்தை மாற்றும். அலையின் முனையும் ஆர் அலை போலக் கூரானதல்ல. மொண்ணையான மேட்டில் உச்சி எது என்று குறிப்பதே கடினம். ஆகவே கீழறை வால்வுகளின் நுண்ணசைவைப் பார்க்க இது உதவாது. அதே கிளிப், மூளையைச் சுற்றி ஓடும் தண்டுவட நீரின் ஓட்டத்தை அளக்கும்போது பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. அங்கே அலைவு மெல்லியது, பதிவு பின்னால் அடுக்கப்படுவது. ஒரே கருவி ஓர் அறையில் தேறுகிறது, அடுத்த அறையில் தோற்கிறது.

ஜெர்மனியில் இன்னொரு முயற்சியும் நடந்தது. குழலுக்குள் இருக்கும் நோயாளியின் தோலை வீடியோ கேமராவில் பதிந்து, இரத்தம் ஏறி இறங்குவதால் தோலின் நிறத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்திலிருந்து துடிப்பை எடுத்தார்கள். உடலில் எதுவும் ஒட்டவோ மாட்டவோ தேவையில்லை. விரல் கிளிப்பின் பலவீனங்கள் பலவும் இதற்கும் உண்டு.

இதயத்தின் ஒலி

1816-இல் பாரிசில் லாயெனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அதன் வழித்தோன்றல் ஒன்று ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து எம்ஆர்ஐ அறைக்குள் நுழைந்தது. ஃபிராவென்ராத், நீன்டார்ஃப் ஆகியோரின் குழு 2008-இல் ஆகெனிலிருந்தும், பிறகு பெர்லினிலிருந்து 7 டெஸ்லாவிலும், முதல் இதய ஒலியையே டிரிகராக்கிக் காட்டியது. மார்பில் வைத்த ஒலிவாங்கும் கிண்ணத்திலிருந்து உலோகம் கலவாத குழாய் வழியே ஒலி வெளியே போகிறது. கம்பி இல்லை, மின்சாரம் இல்லை, தீக்காயத்துக்கு வழியில்லை.

முதல் ஒலி ஆர் அலைக்குச் சுமார் 30 மில்லிநொடி கழித்து எழுகிறது. விரலின் தாமதத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. இரத்த ஓட்டத்தின் மின்னழுத்தம் எவ்வளவு பெரிதானாலும் ஒலியை அது தொடாது. ஆகவே காந்தம் வலுக்க வலுக்க ஈசிஜி நலிகிறது, ஒலி அப்படியே நிற்கிறது. ஆனால் எம்ஆர்ஐ கருவியே பெரும் ஓசை எழுப்புவது. சாய்வுப்புலச் சுருள்கள் அதிரும்போது 100 டெசிபலைத் தாண்டும் சத்தத்தில் இதயத்தின் மெல்லொலியைப் பிரித்தெடுக்க வேண்டும். சில படப்பதிவு வரிசைகளில் அந்தச் சத்தத்தின் அதிர்வெண் இதய ஒலியின் அதிர்வெண்ணோடு மோதும். அங்கே பொய்ச் சைகைகள் எழும். வால்வு நோயால் முதல் ஒலியே குன்றியவரிடமும் இது தடுமாறலாம்.

ஒட்டாமல் அறிதல்

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியிலிருந்து நேரம் சொல்பவை. படத்தின் தரவுக்குள்ளேயே துடிப்பு இருக்கிறதே, அதையே படிக்கலாமே என்று எண்ணியவர்களும் உண்டு. 2004-இல் லார்சனும் உடன் ஆய்ந்தவர்களும் இதைச் செய்துகாட்டினார்கள். படத் தரவின் நடுப்பகுதியை மீண்டும் மீண்டும் பதிவு செய்தால், இதய அறைகளில் இரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப அந்த மதிப்பு ஏறி இறங்கும். அந்த அலையிலிருந்தே துடிப்பின் கட்டத்தைக் கணக்கிட்டு வரிகளை அடுக்கலாம். கருவி எதுவும் தேவையில்லை. நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பப் பதிவதில் கொஞ்சம் நேரம் செலவாகும். பெரும்பாலும் பின்னால் அடுக்கும் முறைக்கே பொருந்தும்.

பைலட் டோன் இன்னொரு வழி. குழலுக்குள் மிகச் சிறிய ரேடியோ ஒலிபரப்பி ஒன்று தொடர்ந்து ஒரே அதிர்வெண்ணில் பாடிக்கொண்டிருக்கும். படத்துக்கான அலைவரிசைக்குச் சற்று வெளியே அது இருப்பதால் படத்தைக் கெடுக்காது. படத்தைக் கேட்கும் சுருள்களே அதையும் கேட்கும். நெஞ்சுக்குள் இதயமும் நுரையீரலும் அசையும்போது அந்தப் பாட்டின் வலிமை நுட்பமாக ஏறி இறங்கும். மூச்சையும் துடிப்பையும் கணக்கால் பிரித்தெடுக்கலாம். இது இதயத்தின் மின்சாரத்தைச் சொல்வதில்லை, அசைவைச் சொல்கிறது. படத்தைக் கெடுப்பது அசைவுதான் என்பதால், கேட்க வேண்டியதை நேரடியாகக் கேட்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் அசைவு தொடங்கியபின் வரும் சைகை, அசைவுக்கு முன்பே வரும் ஆர் அலையின் இடத்தை முழுக்க நிரப்பாது.

டிரிகரே வேண்டாம் என்ற நிலையும் உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஃபிராமின் குழு 2010-இல் ஒரு படத்தை 20 மில்லிநொடியில் எடுத்துக் காட்டியது. ஆரக்கால் போல வரிகளைப் பதிந்து, மிகக் குறைந்த தரவிலிருந்து கடினமான கணிதத்தால் முழுப் படத்தை மீட்டார்கள். ஒரு துடிப்புக்குள்ளேயே படம் முடிந்தால் துடிப்புகளைக் கோக்க வேண்டியதில்லை. நுணுக்கத்தில் சற்று இழப்பு உண்டு, கணக்கீட்டுச் சுமையும் உண்டு.

கருவின் இதயம்

மேலே சொன்ன ஒட்டும், மாட்டும் கருவிகள் எல்லாம் ஒரே நோயாளியிடம் தோற்பதைப் பார்க்க வேண்டுமானால், தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாருங்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு. அதன் மார்பில் மின்வாய் ஒட்ட முடியாது, விரலில் கிளிப் மாட்ட முடியாது. தாயின் வயிற்றில் ஒட்டினால் கிடைப்பது பெரும்பாலும் தாயின் ஈசிஜி.

இரண்டு தீர்வுகள் வந்தன, இரண்டும் வேறு வேறு மனப்போக்கு. ஹாம்பர்கில் காந்தத்துக்கு ஒத்துவரும் டாப்ளர் அல்ட்ராசவுண்டு கருவியைத் தாயின் வயிற்றில் கட்டி, கருவின் இதய அசைவிலிருந்து சைகை எடுத்தார்கள். டொராண்டோவிலோ, சைகையே இல்லாமல் பதிவு செய்துவிட்டு, 'துடிப்பு இன்ன வேகத்தில் இருந்திருந்தால் படம் எப்படி இருக்கும்' என்று ஒவ்வொரு ஊகத்தையும் கணினியில் போட்டுப் பார்த்து, படம் மிகக் கூர்மையாக வரும் ஊகத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்று நேரத்தைக் கேட்டு வாங்குகிறது. மற்றது படத்தின் கூர்மையிலிருந்து நேரத்தை ஊகிக்கிறது.

ஒப்பீட்டில் உள்ள ஓட்டை

இந்த முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, யாரிடம் ஒப்பிட்டார்கள் என்பது. பல ஒப்பீடுகள் இளவயதுத் தன்னார்வலர்களிடம் நடந்தவை. மூச்சடக்கச் சொன்னால் அடக்குவார்கள், இதயம் சீராகத் துடிக்கும், ஆர் அலை ஓங்கி நிற்கும். அவர்களிடம் ஏறத்தாழ எல்லா முறையும் தேறும். நம்மிடம் வருபவர்கள் அப்படி வருவதில்லை.

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெக்டர் முறை ஒவ்வொரு ஆர் அலையையும் பிழையில்லாமல் பிடிக்கலாம். ஒன்று கூட விட்டுப்போகவில்லை, பொய்ச் சைகை ஒன்றும் இல்லை. ஆயினும் படம் கலங்கும். ஒரு துடிப்பு 600 மில்லிநொடி, அடுத்தது 950. நிரம்பும் இரத்தம் வேறு, சுருங்கும் வலு வேறு. ஒன்றுபோல் இல்லாத துடிப்புகளின் கீற்றுகளை ஒரே படத்தில் கோத்தால் அது எந்தத் துடிப்பின் படமும் அல்ல. அங்கே குறை டிரிகரில் இல்லை. எல்லாத் துடிப்பும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. அவருக்கு ஏற்றது, ஒரு துடிப்புக்குள்ளேயே முடியும் நேர்நேரப் படம். சைகைப் பிடிப்பின் துல்லியத்தை மட்டும் சதவீதமாக்கி முறைகளை வரிசைப்படுத்தும் அட்டவணையில் இந்த உண்மை தெரியாது.

எண்ணுக்குள் இருக்கும் டிரிகர்

கடைசியாக, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். படம் மங்கினால் கண் கண்டுபிடிக்கும். மருத்துவர் 'மறுபடி எடுங்கள்' என்பார். இதய எம்ஆர்ஐ இன்று படத்தோடு நிற்பதில்லை. எண் தருகிறது. எண் மங்கினால் வெளியே தெரியாது.

தலசீமியா நோயாளிகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் இரும்பு படிகிறது. லண்டனில் ஆண்டர்சன், பென்னல் ஆகியோர் 2001-இல் நிறுவிய டி2 ஸ்டார் அளவை அந்த இரும்பைக் காட்டுகிறது. 20 மில்லிநொடிக்குக் கீழே போனால் படிவு இருக்கிறது, 10-க்குக் கீழே போனால் ஆபத்து. இரும்பை வெளியேற்றும் மருந்தின் தீவிரத்தை முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. கீழறைகளுக்கு இடைப்பட்ட சுவரில், இரத்தத்தின் கறை படாமல், அசைவு குறைந்த கட்டத்தில் அளந்தால்தான் எண் சரி. கட்டத்தைத் தேர்ந்து கொடுப்பது டிரிகர்.

காந்தநிலை மீளும் நேரத்தை அளக்கும் டி1 வரைபடம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2004-இல் மெஸ்ரோக்லியும் உடன் ஆய்ந்தவர்களும் தந்த மோல்லி முறை, காந்தநிலையைத் தலைகீழாக்கிவிட்டு அது மீள்வதை அடுத்தடுத்த துடிப்புகளில் ஒரே கட்டத்தில் படமெடுக்கிறது. மூன்று படம், மூன்று துடிப்பு ஓய்வு, மூன்று படம், மூன்று துடிப்பு ஓய்வு, ஐந்து படம், மொத்தம் 17 துடிப்புகள். ஓய்வு துடிப்புக் கணக்கில் இருப்பதைக் கவனியுங்கள். 75 துடிப்பில் மூன்று துடிப்பு ஓய்வு 2.4 நொடி. டி அலையையும் கருவி துடிப்பாக எண்ணிவிட்டால் அது 1.2 நொடியாகச் சுருங்கும். இதயத் தசையின் டி1 1.5 டெஸ்லாவில் 1 நொடி அளவில் இருக்க, காந்தநிலை முழுக்க மீளுமுன் அடுத்த தலைகீழாக்கம் வந்துவிடும். எண் குறைந்து காட்டும். பொய்ச் சைகையே இல்லாவிட்டாலும், வேகமாகத் துடிக்கும் இதயத்தில் இதே குறைவு சற்று இருக்கும். பின்னால் வந்த வடிவங்கள் சிலவற்றில் துடிப்புக் கணக்கை விட்டு நொடிக் கணக்குக்கு மாறியது இதனால்தான். அந்த மாற்றம், டிரிகர் எண்ணுக்குள் புகுந்திருந்தது என்று துறையே ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

எதைத் தேர்வது?

சுருங்கச் சொல்கிறேன். 1.5, 3 டெஸ்லாவில் சீராகத் துடிக்கும் இதயத்துக்கு, கவனமாக ஒட்டிய வெக்டர் ஈசிஜியே முதல் தேர்வு. சைகைக்குக் காத்திருந்து எடுக்கும் வேலைகளில் அதற்கு இணை குறைவு. ஈசிஜி தோற்றுவிட்டால் விரலுக்குப் போகலாம், ஆனால் பின்னால் அடுக்கும் முறையோடு மட்டும். நுண்ணசைவை அதில் தேடக் கூடாது. 7 டெஸ்லாவில் ஒலியும், ஒட்டாமல் அறியும் முறைகளும் முன்னுக்கு வருகின்றன. துடிப்பு சீர்குலைந்தவருக்கு டிரிகரை மேம்படுத்துவதில் நேரம் செலவழிக்காமல் நேர்நேரப் படத்துக்குப் போய்விடுங்கள். கருவுக்கு டாப்ளரோ ஊகக் கணக்கோ.

இந்தப் பட்டியல் மாறும். பைலட் டோன் போன்ற முறைகள் ஆண்டுக்காண்டு முதிர்கின்றன. மாறாதது அந்த மூன்று கேள்விகள்: எவ்வளவு தாமதம், எவ்வளவு தள்ளாட்டம், எத்தனை தவறு. அவற்றோடு நான்காவதாக, எந்த வேலைக்கு.

ஆகவே ஒரு கோரிக்கையை இந்த அவையில் வைக்கிறேன். இதய எம்ஆர்ஐ அறிக்கையில் காந்தத்தின் வலிமையை எழுதுகிறோம், ஏற்றிய மருந்தின் அளவை எழுதுகிறோம். எந்த டிரிகர், ஸ்கேனின்போது துடிப்பு எவ்வளவு, துடிப்பு சீராக இருந்ததா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நோயாளி திரும்பி வந்து, டி1 40 மில்லிநொடி மாறியிருந்தால், மாறியது தசையா துடிப்பின் வேகமா என்று அடுத்த மருத்துவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் நம் அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுத அரை நிமிடம் போதும். எழுதத் தேவையான தகவல் ஸ்கேன் அறைத் திரையிலேயே இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து அறிக்கைக்குக் கொண்டுவரும் பொறுப்பைப் பின்வரிசையும் முன்வரிசையும் சேர்ந்து ஏற்க வேண்டும்.